டப்பாவா? தட்டா?

நடுவர் அவர்களே! எதிர் வரிசையில் தெம்பாக உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! என் அணித் தோழர்களே! வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் ஒரு கையில் முறுக்கும் மறு கையில் மாத்திரையுமாக உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! (சிரிப்பு)

சிரிக்கிறீங்க. சிரிக்கிறவங்கள்ல எத்தனை பேர் காலையில ரத்தம் குத்திப் பார்த்துட்டு வந்தீங்களோ, எனக்குத் தெரியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-இல் வெளிவந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். வரலாமா வேண்டாமா என்று வாசற்படியில் நிற்கிறவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர். இத்தனை பேர் வீட்டு விஷயம் ஐயா இது. அதனாலதான் நடுவர் இந்தத் தலைப்பைக் கொடுத்திருக்கிறார். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கப் பெரிதும் துணை நிற்பது டப்பாவில் வரும் புரதமா? தட்டில் வரும் புரதமா? தட்டில் வரும் புரதமே என்று பேச நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால பேசின பேராசிரியை அம்மா என்ன அழகாப் பேசினாங்க! "அமினோ அமிலம், அமினோ அமிலம்"னு பன்னிரண்டு தடவை சொன்னாங்க. நான் விரல் விட்டு எண்ணினேன். கைதட்டின நம்ம மக்கள்கிட்ட அமினோ அமிலம்னா என்னன்னு கேட்டா, பாதிப் பேர் பேட்டரிக்கு ஊத்துறதுன்னு சொல்லுவாங்க. (சிரிப்பு) நான் தமிழ் வாத்தியார். எனக்குத் தெரிந்த வழியில் சொல்லிப் பார்க்கிறேன்.

தமிழில் முதலெழுத்து எத்தனை? உயிர் 12, மெய் 18. ஆக 30. இந்த முப்பதை வைத்துக்கொண்டுதான் சங்கப் புலவனும் பாடினான், நம்ம ஊர் மளிகைக்கடைக்காரரும் பாக்கி எழுதினார். அதே மாதிரி நம்ம உடம்புப் புரதத்துக்கு எழுத்து 20. அந்த இருபது எழுத்துக்குப் பெயர்தான் அமினோ அமிலம். அதில் ஒன்பதை உடம்பால் செய்துகொள்ள முடியாது. சாப்பாட்டில்தான் வரவேண்டும். மீதியை உடம்பே செய்துகொள்ளும். சதை ஒரு வாக்கியம், தோல் ஒரு வாக்கியம், முடி ஒரு வாக்கியம். எனக்கு அந்தக் கடைசி வாக்கியத்தில் மட்டும் கொஞ்சம் எழுத்துப்பிழை. (சிரிப்பு)

இப்ப இன்சுலினுக்கு வாங்க. இன்சுலினும் ஒரு புரதம்தான். 51 அமினோ அமிலம். இரண்டு சங்கிலி. ஒன்றில் 21, இன்னொன்றில் 30. குறள் மாதிரி இரண்டே அடி! இரண்டு அடியையும் கட்டிவைக்கக் கந்தகத்தால் ஆன தளை. யாப்பிலக்கணம் படித்தவன் எனக்கு அது எவ்வளவு ஆனந்தமாக இருந்தது தெரியுமா? அந்த 51 எழுத்தையும் வரிசையாகப் படித்துச் சொன்னவர் இங்கிலாந்தின் பிரெடெரிக் சாங்கர். அதற்காக 1958-இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். 51 எழுத்து படித்ததற்கு நோபல் பரிசு. நான் முப்பது வருஷமாக மொத்தத் தமிழையும் படிக்கிறேன். வீட்டில் ஒரு காபிக்கு வழியில்லை. (பலத்த சிரிப்பு)

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1922-இல் டொராண்டோ நகரத்தில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் கொடுத்தார்கள். எப்படிக் கொடுத்தார்கள்? ஊசியில்! ஏன் வாயில் கொடுக்கவில்லை? வாயில் போட்டால் வயிறு அதைச் சோறு பருப்பு மாதிரி செரித்துவிடும். எவ்வளவு பெரிய கவிதையாக இருந்தாலும் உதிர்த்து எழுத்தாக்கிவிடும். நீங்க டப்பாவில் இருந்து கரைத்துக் குடித்தாலும், அவித்த கொண்டைக்கடலையை மென்று தின்றாலும், வயிறு பேதம் பார்க்காது. கடைசியில் இரண்டும் அதே எழுத்துத்தான்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "கணையத்துக்கு அமினோ அமிலம் பற்றவில்லை. அதனால் இன்சுலின் சுரக்கவில்லை. டப்பாவைக் கொடுத்தால் சுரக்கும்" என்றார். ஐயா, பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை நோய் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. எழுத்துக் கிடைக்காமல் புலவன் எழுதாமல் இருக்கவில்லை. எழுதி எழுதி அனுப்புகிறான், கேட்பவர்கள் காதில் வாங்கவில்லை. உடம்பின் செல்கள் இன்சுலின் சொல்லுக்குச் செவி சாய்ப்பதில்லை. சொல்லிச் சொல்லிக் கடைசியில் கணையமும் சோர்ந்துபோகிறது. இந்தக் கஷ்டத்தை முப்பத்தைந்து வருஷமாக வகுப்பெடுக்கிற நடுவரைவிட நன்றாக யார் புரிந்துகொள்ள முடியும்? (சிரிப்பு, கைதட்டல்)

இப்ப நான் ஒண்ணு ஒத்துக்கிறேன். பட்டிமன்றத்துல ஒத்துக்கிறவன் தோத்துப் போவான்னு சொல்லுவாங்க. பரவாயில்லை. புரதம் சர்க்கரையைக் கட்டுப்படுத்தத் துணை செய்யுமா? செய்யும். முதலில் புரதம் உள்ளே போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. குடல் சில சுரப்புகளை அனுப்பிக் கணையத்தை எழுப்புகிறது. லியூசின் போன்ற சில அமினோ அமிலங்கள் தாமே இன்சுலினைச் சுரக்கச் சொல்லித் தூண்டுகின்றன. அது உண்மை. உண்மையை மறைத்து ஜெயிக்கிற ஜெயிப்பு எனக்கு வேண்டாம்.

அந்த அம்மா இரண்டு ஆய்வு சொன்னாங்க. இரண்டும் நடந்த ஆய்வுதான். 2014-இல் இஸ்ரேலில், காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் 50 கிராம் வே புரோட்டீன் கொடுத்தார்கள். சாப்பிட்ட பிறகு ஏறுகிற சர்க்கரை 28 சதவீதம் குறைந்தது. 2022-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் 15 கிராம் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கூடுதலாகச் சர்க்கரை சரியான அளவில் நின்றது.

இதுவரைக்கும் அம்மா சொன்னாங்க. சொல்லாமல் விட்டதை நான் சொல்றேன். இஸ்ரேலில் எத்தனை பேர்? 15 பேர். நியூகாசிலில்? 18 பேர். எத்தனை நாள்? ஏழு நாள்! நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து தங்குகிற மாமாகூட அதைவிட அதிக நாள் இருப்பார். (சிரிப்பு) அதைவிட முக்கியமான ஒண்ணு. அந்த 18 பேரும் தங்கள் சர்க்கரை மாத்திரையை நிறுத்தவில்லை. மாத்திரையும் போட்டார்கள், அதோடு இதையும் குடித்தார்கள். இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்க. கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவேன்.

வே புரோட்டீன், வே புரோட்டீன்கிறாங்களே, அது என்ன? பாலைத் திரிய வைத்துப் பனீர் எடுத்த பிறகு மிச்சம் நிற்கிற தண்ணீர் இருக்கிறதே, அதில் இருக்கிற புரதம். அதைப் பிரித்துக் காயவைத்தால் பொடி. நம்ம வீட்டுல பால் திரிஞ்சா என்ன பாடு படுத்துறோம்! "கவனம் எங்கே இருந்தது?"ன்னு சம்சாரத்தைக் கேக்கிறோம். அதே தண்ணியைக் காயவச்சு, டப்பாவுல அடைச்சு, மேலே ஒரு பயில்வான் படம் போட்டா, மூவாயிரம் ரூபாய் கொடுத்து மரியாதையா வாங்கிட்டு வர்றோம்! (பலத்த கைதட்டல்)

சரி, தட்டுக்கு ஆய்வு உண்டா? உண்டு. 2015-இல் அமெரிக்காவில், கார்னெல் பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரியில் செய்தார்கள். ஒரே சாப்பாடு. ரொட்டி, பழச்சாறு, கோழிக்கறி, காய்கறி. ஒரு நாள் ரொட்டியையும் சாறையும் முதலில் கொடுத்தார்கள். இன்னொரு நாள் கோழியும் காயும் முதலில், ரொட்டி கடைசியில். சாப்பாடு மாறவில்லை, அளவு மாறவில்லை, வரிசை மட்டும் மாறியது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், இரண்டாவது முறையில் சர்க்கரை 37 சதவீதம் குறைவு! இதிலும் ஆள் குறைவுதான், 11 பேர். அதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் வரிசையை மாற்ற எத்தனை ரூபாய் செலவு? ஒரு பைசா இல்லை. முதலில் பொரியலையும் சுண்டலையும் சாப்பிடுங்க. அசைவம் உண்டென்றால் மீனையோ முட்டையையோ முதலில் சாப்பிடுங்க. சோற்றைக் கடைசியில் எடுங்க. கடைசியில் எடுத்தால் தானாகவே கொஞ்சமாகத்தான் எடுப்பீங்க.

நம்ம தட்டைக் கொஞ்சம் பாருங்க. அதே ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கிலிருந்து 2025-இல் ஒரு கட்டுரை வந்தது. இந்தியர்கள் சாப்பிடுகிற கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. புரதம் சுமார் 12 சதவீதம். காலையில் இட்லி, மத்தியானம் சோறு, சாயங்காலம் பஜ்ஜி, ராத்திரி தோசை. இட்லியையே பிரித்துப் போட்டு உப்புமா. (சிரிப்பு) மாவிலிருந்து மாவுக்குத் தாவுகிறோம், நடுவில் மாவைத் தொட்டுக்கொள்கிறோம்! "நான் சோத்தை விட்டுட்டேன் சார், நாலு சப்பாத்தி, இல்லேன்னா தினைச் சோறு"ன்னு பெருமையாச் சொல்றவங்க இருக்காங்க. அந்தக் கட்டுரை என்ன சொல்லுது? மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசியைக் கோதுமையாகவோ சிறுதானியமாகவோ மாற்றினால் மட்டும் பெரிய பலன் இல்லை. கலோரியில் ஐந்து சதவீத அளவுக்கு மாவுச்சத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் ஆகியவற்றின் புரதம் வைத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கும் வாய்ப்புக் குறைவாகக் காணப்பட்டது.

ஐயா, நான் தமிழ் வாத்தியார். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். 'மாற்றி' என்பது ஒரு சொல். 'கூட்டி' என்பது வேறு சொல். தட்டு என்ன செய்கிறது? சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டலை வைக்கிறது. அது மாற்றுவது. டப்பா என்ன செய்கிறது? அஞ்சு இட்லியும் அப்படியே இருக்கட்டும், இதையும் ரெண்டு கரண்டி கலக்கிக் குடி என்கிறது. அது கூட்டுவது. மாற்றினால் மருந்து, கூட்டினால் பாரம். இந்த வழக்கின் சாரமே இதுதான்! (கைதட்டல்)

எவ்வளவு புரதம் வேண்டும்? நம்ம நாட்டுக் கணக்கு, உடம்பு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம். இரண்டு முட்டை, 12 கிராம். ஐம்பது கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் பத்துக் கிராமுக்குக் குறையாது. பாலும் தயிருமாக இரண்டு டம்ளர், 12 கிராமுக்கு மேல். சாம்பாரில் பருப்பைக் கரண்டியால் தேடாமல் கண்ணால் பார்க்கிற அளவுக்குப் போட்டால் ஒரு ஆறேழு கிராம். மீதி இட்லியிலும் சோற்றிலும் தானாக வந்துவிடும். ஐம்பது ஆகிவிட்டது ஐயா! டப்பா எங்கே வந்தது?

இன்னொன்று. "அமினோ அமிலம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது" என்றார்கள். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்று ஓர் ஊர். அந்த ஊர் மக்களின் ரத்தத்தை எடுத்து வைத்துப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 2011-இல் வந்த முடிவு என்ன? ஐந்து அமினோ அமிலங்கள் ரத்தத்தில் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் அபாயம் அதிகமாக இருந்தது. அந்த ஐந்தில் டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறார்களே, அந்த லியூசின், ஐசோலியூசின், வேலின் மூன்றும் அடக்கம். டப்பா குடித்ததால் நோய் வந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் 'கூடக் கூட நல்லது' என்கிற பேச்சுக்கு அங்கே இடமில்லை. 2024-இல் ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டி வந்தது. புரதப் பொடிகளில் சர்க்கரையும் இனிப்பூட்டியும் மணப்பொருளும் சேர்ந்திருக்கலாம், தொடர்ந்து சாப்பிடுவது உகந்ததல்ல என்று அதுவே எச்சரிக்கிறது. சில டப்பாவில் முன்பக்கம் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று இருக்கும். பின்பக்கம் எறும்புக்கால் எழுத்தில் 'மால்ட்டோடெக்ஸ்ட்ரின்' என்று இருக்கும். பேரில் சர்க்கரை இல்லை. ரத்தத்தில் போனால் சர்க்கரைதான்!

இவ்வளவு நேரம் சிரிச்சோம். இப்ப நான் ஒரு விஷயம் சொல்லணும் ஐயா. மேடையில் சொல்லலாமா என்று யோசித்துத்தான் வந்தேன்.

எனக்கு ஓர் அக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவங்க. அம்மா போன பிறகு என்னைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடம் அனுப்பினது அக்காதான். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவங்க. பதினைந்து வருஷமாச் சர்க்கரை. மாத்திரை போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருந்தாங்க. ஒருத்தர் வீடு தேடி வந்தார். "மாத்திரை கெமிக்கல் அம்மா. இது அமினோ அமிலம். கணையத்துக்கு உரம். மூணு மாசம் குடிங்க, மாத்திரையே தேவைப்படாது"ன்னார். அக்கா மாத்திரையை நிறுத்திட்டாங்க. யார்கிட்டயும் சொல்லலை. பின்னாடி நான் கேட்டப்ப என்ன சொன்னாங்க தெரியுமா? "தம்பி, மாத்திரை அட்டை ஒண்ணு இருபது ரூபாய். டப்பா மூவாயிரம் ரூபாய். விலை கூடினதுதானே நல்ல மருந்தா இருக்கும்?" படிச்சவங்க ஐயா. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவங்க.

பொங்கலுக்குப் போனேன். நொண்டி நடந்தாங்க. "செருப்புக் கடிச்சதுடா" என்றாங்க. வெறும் வயித்துல சர்க்கரை 286. கால் விரல் கறுத்திருந்தது. மருத்துவர் திட்டலை. டப்பாவைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பிப் படிச்சார். "பொடி விஷம் இல்லை சார். பொடியைக் கொடுத்துட்டு மாத்திரையைப் பிடுங்கினதுதான் விஷம்" என்றார். சிறுநீரைச் சோதிச்சாங்க. அதில் புரதம் ஒழுகுது. புரதம் வேணும்னு காசு கொடுத்து வாயில ஊத்தியிருக்காங்க, சிறுநீரகம் அதை வெளியே விட்டுக்கிட்டு இருந்திருக்கு. அது பொடியால் வந்ததில்லை, பல வருஷச் சர்க்கரையால் வந்தது. ஆனால் சிறுநீரகம் பழுதானவங்களுக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் நிறுத்தச் சொல்கிறது மருத்துவம். கேட்காமல் கூட்டக் கூடாது. அதை டப்பா கொடுத்தவர் சோதிச்சாரா? கேட்கவாவது செஞ்சாரா?

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. காலை மீட்டுட்டாங்க. ஒரு விரலை மீட்க முடியலை. அத்தான் மெட்டி போட்ட விரல்.

படுக்கையில கிடந்துக்கிட்டு அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாங்க: "தம்பி, டப்பாவுல இன்னும் பாதி இருக்குடா. வீணாப் போகுதே..."

(அவையில் அமைதி)

திருக்குறளில் 95-ஆவது அதிகாரம் 'மருந்து'. பத்துக் குறள். அதில் 942 முதல் 947 வரை ஆறு குறளும் எதைப் பற்றி? சாப்பாட்டைப் பற்றி! செரித்ததை அறிந்து சாப்பிடு, அளவாகச் சாப்பிடு, ஒத்துக்கொள்வதைச் சாப்பிடு. மருந்து என்று தலைப்புப் போட்டுவிட்டுத் தட்டைப் பற்றியே பேசுகிறார் வள்ளுவர். கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நாலு உறுப்புச் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். டப்பா விற்க வருகிறவர் அந்த நாலிலும் இல்லை ஐயா! (நீண்ட கைதட்டல்)

கைதட்டாதீங்க. அந்த நாலாவது ஆள் யார்? பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டியவன்? நான்தான். வாரம் தவறாமல் போன் பண்ணினேன். "அக்கா, சாப்பிட்டியா?"ன்னு கேட்டேன். "அக்கா, மாத்திரை போட்டியா?"ன்னு ஒரு நாள் கேட்டேனா? கேட்கலை. அந்த இடத்தில் ஒருத்தர் டப்பாவோட வந்து உட்கார்ந்துட்டார்.

டப்பாவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வாயால் சாப்பிட முடியாத முதியவர், அறுவை சிகிச்சை முடிந்தவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், இவர்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் டப்பா வேண்டும்தான். அது மருத்துவர் கையால் வரவேண்டும். வாசற்கதவைத் தட்டி வரக்கூடாது.

எதிரணி நண்பர்களே, நீங்க சொன்ன ஆய்வில்கூட அந்த 18 பேரும் மாத்திரையை நிறுத்தவில்லை. அந்த வரியை நீங்க சொல்லியிருக்கணும். டப்பாவின் மேலும் அது எழுதியிருக்கணும்.

இப்ப அக்கா என் வீட்டில்தான் இருக்காங்க. காலையில் மாத்திரை. சிறுநீரக மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவுக்கு முட்டை வெள்ளையோ பாசிப்பயறோ முதலில். பிறகு இரண்டே இட்லி. "வாத்தியாருக்கே வாத்தியாரா இருந்தேன், எனக்கே அளந்து போடுறியேடா"ன்னு திட்டுவாங்க. திட்டட்டும். போன வாரம் வெறும் வயிற்றில் 128.

வீட்டில் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளே, நிகழ்ச்சி முடிந்ததும் அம்மாவுக்கு, அக்காவுக்கு, அப்பாவுக்கு ஒரு போன் போடுங்க. "சாப்பிட்டியா?"ன்னு கேளுங்க. அதோடு நிறுத்தாதீங்க. "முதல்ல என்ன சாப்பிட்டே? மாத்திரை போட்டியா?"ன்னு கேளுங்க.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கப் பெரிதும் துணை நிற்பது, மருத்துவர் கொடுத்த மாத்திரையோடு கைகோத்து நிற்கிற தட்டுப் புரதமே என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்கவேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.